வடதுருவத்துக்குப் பொம்மை ஆலை ஏன் வரவில்லை? தொலைதூர வடக்கின் உற்பத்தித் தொழில் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் நடுப்பகுதியில், ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், நார்த் போல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயரின் பொருள் வடதுருவம்தான். நிஜ வடதுருவமோ அங்கிருந்து இன்னும் 2,700 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அங்கே மனை பிரித்து விற்ற நிறுவனம், ஊருக்கு இப்படிப் பெயர் வைத்தால் 'வடதுருவத்தில் செய்தது' என்று பெட்டியில் அச்சடித்துக்கொள்ளும் ஆசையில் ஏதாவது ஒரு பொம்மை நிறுவனம் வந்து ஆலை போடும் என்று நம்பியது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறை வடதுருவத்தில்தானே இருக்கிறது! 1953-இல் ஊர் முறைப்படி நகரமாகவும் ஆகிவிட்டது. பொம்மை ஆலை மட்டும் வரவே இல்லை.

தொலைதூர வடபகுதிகளில் தொழில் வளர்ப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வரும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. "எண்ணெய், மீன், மரம், துத்தநாகம் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ஆலை போட மனசுதான் இல்லை" என்பது ஒரு கட்சி. "அந்தக் குளிரில் எவன் ஆலை நடத்துவான்" என்பது இன்னொன்று. இரண்டுமே கணக்குப் போடாமல் பேசுகிற பேச்சு. ஆலைக்குள் சூடேற்றிக்கொள்ளலாம், குளிர் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. வளம் இருப்பதும் தன்னளவில் பெரிய உதவி இல்லை. ஒவ்வொரு பொருளும் தூரத்துக்கான செலவைத் தன் விலைக்குள் தாங்குமா என்பதுதான் கேள்வி. எந்தப் பொருள் தாங்கும், எது தாங்காது, ஏன் என்பதை அலாஸ்காவை வைத்தே பார்ப்போம்.

முதலில், எது உற்பத்தி?

ஒரு பொருளை எடுத்து அதன் வடிவத்தையோ தன்மையையோ மாற்றி வேறு பொருளாக்கி விற்கும் தொழில்களைத்தான் பொருளாதாரத்தில் உற்பத்தித் துறை என்பார்கள். பூமியிலிருந்து தோண்டி எடுப்பது சுரங்கத் தொழில், அது வேறு கணக்கு. ஆகவே அலாஸ்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த எண்ணெய் இந்தத் துறையில் சேராது. 1977 முதல் வடகோடியிலுள்ள பிரூடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,290 கிலோமீட்டர் நீளக் குழாயில் கச்சா எண்ணெய் வருகிறது. வந்ததில் பெரும்பகுதி அப்படியே கப்பலேறி வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்களின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய்விடுகிறது. உள்ளூர்த் தேவைக்காகச் சில சிறிய சுத்திகரிப்பு ஆலைகள் மாநிலத்துக்குள் உண்டு, அவ்வளவுதான்.

அப்படியானால் அலாஸ்காவில் உற்பத்தியே இல்லையா? இருக்கிறது. வேலை எண்ணிக்கையில் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நிற்பது மீன் பதப்படுத்துதல். அலூஷியன் தீவுகளில் உள்ள டச்சு ஹார்பர், கரையிறங்கும் மீனின் எடைக் கணக்கில் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் முதல் துறைமுகம். பெரிங் கடலில் பிடித்த பொல்லாக் மீனை அங்கே துண்டு போடுகிறார்கள், அல்லது அரைத்து, அலசி, கட்டியாக உறையவைத்துச் 'சூரிமி' ஆக்குகிறார்கள். கடைகளில் 'நண்டுக் குச்சி' என்று விற்கிறதே, அது பெரும்பாலும் இந்தச் சூரிமிதான். அதில் நண்டு இருக்கும் என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, உலகத்தின் ஒரு ஓரத்தில், மரமே இல்லாத தீவில் இந்த ஆலைகள் நிற்கின்றன. பொம்மை ஆலையோ நெடுஞ்சாலையும் ரயிலும் உள்ள ஊருக்கு வரவில்லை. ஏன்?

கரும்பும் குளிர்பானமும்

கரும்பு ஆலை எங்கே இருக்கும்? கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில். பத்து டன் கரும்பை ஆட்டினால் ஏறக்குறைய ஒரு டன் சர்க்கரை தேறும், மீதியெல்லாம் சக்கையும் தண்ணீரும். சக்கையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக யாரும் போகமாட்டார்கள். குளிர்பான ஆலை எங்கே இருக்கும்? குடிக்கிறவர்கள் இருக்கும் நகரத்துக்குப் பக்கத்தில். பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது எங்கும் கிடைக்கும்போது அதை ஏன் தூரத்திலிருந்து தூக்கி வரவேண்டும்?

இதைத்தான் ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மன் பொருளாதார அறிஞர் 1909-இல் ஒரு கோட்பாடாக எழுதினார். செய்யும்போது எடை குறைகிற பொருளை மூலப்பொருள் கிடைக்கும் இடத்தில் செய்வார்கள். எடை கூடுகிற பொருளை வாங்குகிறவர் இருக்கும் இடத்தில் செய்வார்கள். முந்தையதை எடையிழக்கும் பொருள் என்றும் பிந்தையதை எடைகூடும் பொருள் என்றும் வைத்துக்கொள்வோம்.

டச்சு ஹார்பரின் மர்மம் இப்போது விளங்கும். மீனிலிருந்து தலை, முள், தோல், குடல் எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. அதோடு மீன் கெடும், காத்திருக்காது. ஆகவே ஆலை மீனைத் தேடிப் போனது. ஆலையைத் தூக்கிக் கப்பலுக்குள்ளேயே வைத்துவிட்ட மிதக்கும் ஆலைகளும் பெரிங் கடலில் திரிகின்றன.

இன்னொரு உதாரணம் ரெட் டாக். அலாஸ்காவின் வடமேற்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே உள்ள பெரிய துத்தநாகச் சுரங்கம் இது. 1989-இல் தொடங்கியது. அங்கே தோண்டும் பாறையில் பெரும்பகுதி வெறும் கல். அதைச் சுரங்கத்திலேயே பொடியாக்கி, நீரில் பிரித்து, பாதிக்கு மேல் துத்தநாகம் உள்ள தூளாக ஆக்குகிறார்கள். இதற்குச் செறிவூட்டல் என்று பெயர். பிறகு லாரிகள் அந்தத் தூளைச் சுமார் 84 கிலோமீட்டர் சாலையில் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பிரம்மாண்டக் கொட்டகைகளில் கொட்டுகின்றன. கடல் வருடத்தில் ஏறக்குறைய 100 நாள்தான் பனிக்கட்டி இல்லாமல் திறந்திருக்கும். வருடம் முழுக்கச் சேர்த்ததை அந்த நூறு நாளில் கப்பலேற்றி முடித்தாக வேண்டும்.

அவ்வளவு தூரம் செய்தவர்கள் அந்தத் தூளை உருக்கித் துத்தநாகக் கட்டியாகவே அனுப்பினால் என்ன? எடை இன்னும் குறையுமே! அலாஸ்காவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெபரின் விதி இந்த இடத்தில் போதவில்லை. ஒரு டன் துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கச் சுமார் 4,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ரெட் டாக் சுரங்கம் தன் மின்சாரத்தை டீசல் எரித்துத்தான் எடுக்கிறது. அந்த டீசலும் அதே நூறு நாளில் கப்பலில் வந்து இறங்குவதுதான். இங்கிருந்து போகும் தூளில் ஒரு பகுதி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிரெயில் என்ற ஊரின் உருக்காலைக்குச் செல்கிறது. அங்கே பக்கத்திலேயே அணை, தண்ணீரிலிருந்து மின்சாரம். எடையில் மிச்சப்படும் காசை விட மின்சாரத்தில் போகும் காசு பெரிது என்றால் தூள் தூளாகவே பயணம் போகும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். எடை எங்கே குறைகிறதோ அந்தக் கட்டம் வரை ஆலை வடக்கில் நிற்கும். அதற்கு அடுத்த கட்டத்துக்கு வேறு ஏதாவது ஒன்று, மின்சாரமோ ஆளோ, நிறைய வேண்டுமென்றால் அது எங்கே மலிவோ அங்கே அந்தக் கட்டம் போய்விடும். "மதிப்புக் கூட்டி விற்போம்" என்ற முழக்கம், அதாவது மூலப்பொருளாக விற்காமல் மேலும் பக்குவப்படுத்திக் கூடுதல் விலைக்கு விற்பது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தக் கட்டம் வரை கூட்டலாம் என்பதை முழக்கம் சொல்வதில்லை.

நிரம்பி வரும் கப்பல், காலியாகத் திரும்பும் பெட்டி

வீடு மாறும்போது லாரி பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். லாரி உங்கள் சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் அந்தத் திரும்பும் டீசலுக்கும் நீங்கள்தான் பணம் கட்டியிருப்பீர்கள். திரும்பும் வழியில் டிரைவருக்கு ஒரு சவாரி கிடைத்தால் அதை அவர் பாதி விலைக்கும் ஒப்புக்கொள்வார். எப்படியும் போகிற வண்டிதானே.

அலாஸ்காவின் கதையும் இதுதான். அங்கே விற்கும் சாமான்களில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் கிளம்பி, ஏறக்குறைய மூன்று நாள் கடலில் வந்து ஆங்கரேஜில் இறங்குகிறது. வரும்போது பெட்டிகள் நிரம்பி வழியும். திரும்பும்போது நிறையப் பெட்டிகள் காலி. இப்படித் திரும்புகிற வழியில் கிடைக்கும் சரக்குக்குத் திரும்புசுமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். வடக்கு நோக்கிப் போகும் கட்டணம் ஏற, தெற்கு நோக்கித் திரும்பும் கட்டணம் குறைவாக இருப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து தொழில் தொடங்க நினைப்பவருக்கு ஒரு விசித்திரமான பாடம் கிடைக்கிறது. மூலப்பொருளைத் தெற்கிலிருந்து வரவழைத்துச் செய்யும் தொழில், விலை கூடிய திசையில் சுமை ஏற்றுகிறது. உள்ளூர்ப் பொருளைச் செய்து தெற்கே அனுப்பும் தொழில், விலை குறைந்த திசையில் ஏற்றுகிறது. உறைந்த மீன் திரும்பும் பெட்டிகளில் இடம்பிடிப்பது இதனால்தான்.

கப்பல் கட்டணம் பற்றிப் பேசினால் அலாஸ்காக்காரர்கள் உடனே ஜோன்ஸ் சட்டத்தைத் திட்டுவார்கள். 1920-ஆம் ஆண்டின் கடல் வணிகச் சட்டத்தில் வருகிற ஒரு பிரிவு அது. ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல், அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கர்களுக்குச் சொந்தமாகி, அமெரிக்கக் கொடியோடும் அமெரிக்க மாலுமிகளோடும் ஓட வேண்டும். அங்கே கப்பல் கட்டும் செலவு ஆசியாவை விடப் பல மடங்கு, ஆகவே கட்டணம் ஏறுகிறது. கொண்டுவந்தவர் வெஸ்லி ஜோன்ஸ், வாஷிங்டன் மாநிலத்தின் செனட்டர். சரக்கு கிளம்பும் துறைமுகங்கள் யாருடைய மாநிலத்தில் இருந்தன என்பதைக் கவனித்தால் அலாஸ்காக்காரர்களின் கோபம் புரியும்.

ஆனால் பேச்சில் விட்டுப்போகும் ஒரு விவரம் உண்டு. அலாஸ்காவிலிருந்து நேராக வெளிநாட்டுக்குப் போகும் சரக்கை இந்தச் சட்டம் தொடாது. அதற்கு எந்தக் கொடியுள்ள கப்பலும் சரிதான். இதன் விளைவை மீனிலேயே பார்க்கலாம். அலாஸ்காவில் பிடித்த சால்மனில் ஒரு பகுதி, தலையும் குடலும் மட்டும் நீக்கி உறையவைக்கப்பட்டுச் சீனாவுக்குப் போகிறது. அங்கே முள் எடுத்து, துண்டு போட்டு, பெட்டியில் அடைத்து, பசிபிக் கடலை மறுபடி கடந்து அமெரிக்கக் கடைகளுக்கே திரும்பி வருகிறது. கையால் முள் எடுக்கும் வேலையின் கூலி வித்தியாசம் இரண்டு கடற்பயணத்தையும் தாங்கிவிடுகிறது. கேட்பவர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும், கணக்குப் பார்த்தால் வேடிக்கை தெளிந்துவிடும்.

தூரமே வேலியாகும்போது

தூரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வெளியூர்ப் பொருள் உள்ளே வருவதற்கும் அதே கட்டணம்தானே? அந்தக் கட்டணம் உள்ளூர்க்காரருக்கு வேலி போலக் காவல் நிற்கும். வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்ததை ஊரிலேயே செய்துகொள்வதை இறக்குமதி மாற்று என்பார்கள்.

தெர்மாகோல் பலகையை நினைத்துப் பாருங்கள். குளிர்ப் பிரதேச வீடுகளின் சுவருக்கும் தரைக்கும் அது கட்டாயம் வேண்டும். பலகையாகக் கன்டெய்னரில் ஏற்றினால் நீங்கள் காற்றுக்குத்தான் கப்பல் கட்டணம் கட்டுகிறீர்கள். அதே தெர்மாகோல், ஊதுவதற்கு முன் சர்க்கரைத் துகள் மாதிரி சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். மணியாகக் கொண்டுவந்து, உள்ளூரில் நீராவி காட்டினால் பல மடங்கு உப்பிவிடும். எடைகூடும் பொருளுக்கு வெபர் சொன்ன விதி, இடம் அடைக்கும் பொருளுக்கும் பொருந்துகிறது. ரொட்டி, கான்கிரீட், கூரைச் சட்டகம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்த வகை. பெரிசு, மலிவு, தூக்கி வருவது வீண்.

பீரும் இந்த வகைதான், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியுலகத்திலிருந்து சாலையே கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான். அங்கே 1986-இல் அலாஸ்கன் புரூயிங் என்ற மதுவடிப்பு நிறுவனம் தொடங்கியது. மால்ட் தானியமெல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை மற்ற ஊர்களில் பக்கத்துப் பண்ணைக்காரர் மாட்டுக்கு வாங்கிக்கொண்டு போவார். ஜூனோவில் மாட்டுப் பண்ணைக்கு எங்கே போவது? முதலில் உலர்த்தித் தெற்கே கப்பலில் அனுப்பினார்கள். பிறகு அந்தச் சக்கையையே எரித்து நீராவி எடுக்கும் கொதிகலன் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள், எண்ணெய்ச் செலவு பெருமளவு குறைந்தது. நொதிக்கும்போது வரும் கரியமில வாயுவையும் 1998 முதல் பிடித்து வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள், வாயுவைத் தெற்கிலிருந்து வாங்கி வரவழைப்பதைத் தவிர்க்க. வெளியே இதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று பாராட்டுவார்கள். எனக்கென்னவோ கப்பல் ரசீதைப் பார்த்துப் பார்த்து வந்த புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது.

வேலிக்குள் தொழில் செய்வதில் ஒரு வரம்பு உண்டு. வேலிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2020 கணக்கெடுப்பின்படி அலாஸ்காவின் மக்கள்தொகை 7,33,391. அதுவும் 17 லட்சம் சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கிறது. பல ஆலைகளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே செய்தால் ஒவ்வொரு பொருளின் அடக்கவிலையும் எகிறிவிடும். நூறு பேருக்குச் சமைத்தால் தலைக்கு ஆகும் செலவும் நாலு பேருக்குச் சமைத்தால் ஆகும் செலவும் ஒன்றா என்ன? இதுதான் அளவுச் சிக்கனம். தெர்மாகோல் ஊதச் சின்ன ஆலை போதும். கண்ணாடி வார்க்கவோ டயர் செய்யவோ ஏழு லட்சம் பேர் போதாது.

மறுமுனையில் வேலியே தேவைப்படாத பொருள்களும் இருக்கின்றன. ஓமிங்மாக் என்ற கூட்டுறவுச் சங்கம் 1969-இல் உருவானது. கஸ்தூரி எருதின் உள்ரோமத்தை அங்கே கிவியட் என்பார்கள், ஆட்டு ரோமத்தை விட மிக மெல்லியது, கதகதப்பானது. தொலைதூரக் கிராமங்களில் உள்ள பழங்குடிப் பெண்கள் அதைக் கழுத்துத் துணியாகவும் தொப்பியாகவும் பின்னித் தபாலில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிப் பின்னல் வடிவம். கையளவு எடைக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை. அதற்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: பெருத்த, மலிவான பொருளைத் தூரம் உள்ளூருக்காகக் காக்கிறது, ஆனால் சந்தை சிறியது. எடை சிறுத்து விலை பெருத்த பொருளுக்குத் தூரம் தடையே இல்லை. நடுவில் இருப்பவைதான் மாட்டிக்கொள்கின்றன. உலகத்தில் ஆலையில் செய்கிற பெரும்பாலான பொருள்கள் இந்த நடுவகை என்பதுதான் சிக்கல்.

மின்சாரமும் மூலப்பொருள்தான்

ஐஸ்லாந்தில் நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட் ஒரு பிடி கூட அங்கே கிடையாது. ஆனாலும் மூன்று பெரிய அலுமினிய உருக்காலைகள் ஓடுகின்றன. ஒரு டன் அலுமினியம் பிரிக்கச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும், அதனால் அலுமினியத்தை 'கட்டியாக உறைந்த மின்சாரம்' என்று சொல்வதுண்டு. ஐஸ்லாந்தில் பனியாறுகளிலிருந்து இறங்கும் ஆறுகளும் பூமிக்குள்ளிருந்து வரும் வெப்பமும் ஏராளம். கம்பி போட்டு ஐரோப்பாவுக்கு விற்க வழியில்லை, நடுவே கடல். இப்படி வெளியே கொண்டுபோக முடியாமல் ஓரிடத்தில் சிக்கிக்கிடக்கும் ஆற்றலை முடங்கிய ஆற்றல் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை ஏற்றுமதி செய்ய முடியாததால் அதை உலோகத்துக்குள் அடைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். நாட்டின் கிழக்கே 2007-இல் திறந்த உருக்காலைக்காகவே 690 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். அதற்காக மேட்டுநிலத்தில் பரந்த பகுதி நீரில் மூழ்கியது, அந்தச் சண்டை அங்கே இன்னும் ஆறவில்லை.

அலாஸ்காவிலும் முடங்கிய ஆற்றல் உண்டு. வடகோடி எண்ணெய் வயல்களில் எண்ணெயோடு சேர்ந்து வரும் இயற்கை எரிவாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லாததால் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாகப் பூமிக்குள்ளேயே திருப்பிச் செலுத்திவருகிறார்கள். அதே மாநிலத்தின் தெற்கே நிகிஸ்கி என்ற இடத்தில், எரிவாயுவிலிருந்து அம்மோனியாவும் யூரியாவும் செய்த பெரிய உர ஆலை ஒன்று 2007-இல் மூடப்பட்டது. காரணம், எரிவாயு போதவில்லை! அந்த ஆலை நம்பியிருந்தது பக்கத்துக் குக் நீர்ப்பகுதியின் பழைய கிணறுகளை, அவை வற்றிக்கொண்டிருந்தன. வடகோடி வாயுவுக்கும் அந்த ஆலைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மலையும் ஆறும். 'அலாஸ்காவில் எரிவாயு இருக்கிறது' என்ற வாக்கியம் உண்மைதான். எந்த அலாஸ்காவில் என்று கேட்காதவரைக்கும்.

மின்கம்பிக்கும் இதே நிலை. ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகத் தெற்கே போகும் ஒரு மின்கட்டமைப்பு உண்டு. அது கனடாவோடோ மற்ற அமெரிக்க மாநிலங்களோடோ இணையவில்லை. அதற்கு வெளியே உள்ள கிராமங்கள் பெரும்பாலும் தனித்தனி டீசல் இயந்திரங்களை நம்பியிருக்கின்றன.

மலிவு மின்சாரம் இருந்தால் மட்டும் போதுமா? ஸ்வீடனின் வடக்கில் ஷெலெஃப்டியோ என்ற ஊர், ஏறக்குறைய நம் நார்த் போல் ஊரின் அதே அட்சரேகையில் இருக்கிறது. நீர்மின்சாரம் தாராளம். அங்கே நார்த்வோல்ட் நிறுவனம் மின்வாகன பேட்டரி ஆலை கட்டி 2021 டிசம்பரில் முதல் பேட்டரி செல்லைச் செய்தது. ஊரே புதுப்பித்துக்கொண்டது, வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். 2025 மார்ச்சில் நிறுவனம் ஸ்வீடனில் திவால் மனு கொடுத்தது. திட்டமிட்ட அளவுக்கு உற்பத்தியை உயர்த்த முடியவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. அலுமினியம் நூற்றாண்டு கண்ட, எல்லாருக்கும் கைவந்த தொழில்நுட்பம். பேட்டரி அப்படி இல்லை, ஒவ்வொரு நாளும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. அந்த மல்லுக்கட்டுக்கு மின்சாரத்தை விட அனுபவசாலிகள்தான் அதிகம் தேவை.

ஆள், பழுது, பக்கத்து ஆலை

தொழில்கள் ஏன் ஒரே இடத்தில் கும்பலாகக் கூடுகின்றன? ஒரு ஆலையின் மோட்டார் எரிந்துபோனால் அடுத்த தெருவில் அதைச் சுற்றித்தர ஆள் இருக்கிறார். ஒரு ஆலை வேலையை விட்டவருக்குப் பக்கத்து ஆலையில் வேலை கிடைக்கும், அதனால் தொழிலாளி துணிந்து அந்த ஊருக்குக் குடிவருகிறார். இந்தக் கூடி வாழும் நன்மைக்குத் தொழில் திரள் என்று பெயர். தொலைதூர வடக்கில் இல்லாதது இதுதான், பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்க முடியாததும் இதுதான். ஒரு உதிரிபாகம் விமானத்தில் வரும்வரை ஆலை நின்றால், அந்த மூன்று நாள் இழப்பைத் திட்ட அறிக்கையில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆலை வந்தாலும் அதன் பணம் ஊரில் தங்குமா என்பது அடுத்த கேள்வி. அலாஸ்கா மீன் ஆலைகளில் வேலை செய்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். சீசனுக்கு வருவார்கள், ஆலையே தரும் விடுதியில் தங்குவார்கள், சம்பளத்தோடு ஊர் திரும்புவார்கள். சம்பளம் உள்ளூர்க் கடையிலும் வாடகையிலும் செலவானால்தான் ஒரு வேலை இன்னொரு வேலையை உண்டாக்கும். வெளியே போனால் அது ஓட்டை வாளியில் ஊற்றிய தண்ணீர்.

அரசு கட்டிக்கொடுத்தால் வராதா?

வால்டீஸ் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தானியக் குதிர்களைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 1970-களின் இறுதியில், எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கிய உற்சாகத்தில், டெல்டா ஜங்ஷன் பகுதியில் காட்டைத் திருத்தி வாற்கோதுமை விளைவிக்கும் பெரிய திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. ஆசியாவுக்கு ஏற்றுமதி என்று கனவு. அந்தக் கனவுக்காக வால்டீஸில் குதிர்கள் எழுந்தன. தானியம்தான் வரவில்லை. ஒரு கப்பல்கூட அங்கிருந்து தானியம் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

அப்புறம் ஆங்கரேஜ். மீனை வெறுமனே உறையவைத்து அனுப்பாமல், அடுப்பில் வைக்கத் தயாரான உணவாகவே செய்து அனுப்பலாம் என்று மாநிலத் தொழில் மேம்பாட்டு ஆணையத்தின் கோடிக்கணக்கான டாலர் முதலீட்டில் ஒரு நவீன ஆலை கட்டினார்கள். 2000-களின் தொடக்கத்திலேயே படுத்துவிட்டது. அந்தக் கட்டடம் பிறகு ஒரு தேவாலயத்தின் கைக்குப் போனது.

சட்டம் போட்டுப் பிடித்துவைத்தாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. தென்கிழக்கு அலாஸ்காவின் தேசியக் காட்டு மரத்தை உள்ளூரில் அறுக்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்று விதி இருந்தது. ஐம்பது ஆண்டு மர ஒப்பந்தங்களோடு கெட்சிகானிலும் சிட்காவிலும் காகிதக்கூழ் ஆலைகள் வந்தன. சிட்கா ஆலை 1993-இலும் கெட்சிகான் ஆலை 1997-இலும் மூடின. முப்பது, நாற்பது ஆண்டு ஓடியதே என்று ஒருவர் சொல்லலாம், சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் காட்டுக்கும் நீருக்கும் நேர்ந்த சேதத்தைக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியதும், கூழ் சந்தை சரிந்ததும், அந்த ஆலைகளால் தாங்க முடியவில்லை.

இதோடு அலாஸ்காவுக்கே உரிய ஒரு வினோதமும் உண்டு. அங்கே தனிநபர் வருமான வரியை 1980-இல் எடுத்துவிட்டார்கள். மாநில அளவில் விற்பனை வரியும் இல்லை. நிறுவனங்களுக்கு வரி உண்டு, ஆனால் அரசின் கஜானா பெரும்பாலும் எண்ணெயையும் அந்த எண்ணெய்ப் பணத்தைச் சேமித்த நிதியையும் நம்பித்தான் இருக்கிறது. இந்நிலையில் ஐந்நூறு பேருக்கு வேலை தரும் ஆலை வந்தால், அவர்கள் குழந்தைகளுக்குப் பள்ளி, சாலை, காவல் எல்லாம் அரசு தர வேண்டும். அவர்கள் சம்பளத்திலிருந்து மாநில அரசுக்கு வருவது ஒன்றுமில்லை. வேலை பெருகினால் அரசுக்குச் செலவு பெருகும், வரவு பெருகாது. அங்கே பொருளாதாரம் படித்தவர்கள் இதை 'அலாஸ்கா அறுபடல்' என்கிறார்கள். உற்பத்தித் துறையை வளர்ப்போம் என்று மேடையில் பேசுவது எளிது. பேசுகிறவரின் பட்ஜெட்டுக்கு அதனால் நேரடி லாபம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

மறுபடி பொம்மைக்கு வருவோம்

இப்போது நார்த் போல் ஊரின் பொம்மை ஆலைக்கு நாமே கணக்குப் போடலாம். பிளாஸ்டிக் மணிகள் தெற்கிலிருந்து வர வேண்டும், விலை கூடிய திசையில். சாயம், மோட்டார், அட்டைப்பெட்டி எல்லாம் அப்படியே. செய்யும்போது எடை குறைவதில்லை, பெட்டியில் போட்டால் இடம் வேறு கூடுகிறது. உள்ளூர்ச் சந்தை சின்னது. மின்சாரம் விலை அதிகம், அச்சு உடைந்தால் சரிசெய்யப் பக்கத்தில் ஆள் இல்லை. திரும்பும் காலிப் பெட்டியில் மலிவாக அனுப்பலாம் என்ற ஒன்றுதான் சாதகம். அதற்கும் முதலில் ஃபேர்பேங்க்ஸ் பக்கத்திலிருந்து ஆங்கரேஜ் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவர வேண்டும். இத்தனையையும் பெட்டியில் அச்சடித்த ஊர்ப்பெயர் ஒன்றே தாங்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த மனை வியாபாரிகள் பெயரின் மதிப்பைத் தப்பாக எடைபோடவில்லை, பொருளைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஊரில் 1952-இல் மில்லர் தம்பதி தொடங்கிய 'சாண்டா கிளாஸ் ஹவுஸ்' என்ற கடை இன்றும் நடக்கிறது. அவர்களின் பெயர்பெற்ற சரக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதியதாக உலகெங்கும் உள்ள குழந்தைகளுக்குப் போகும் கடிதம். உறையில் நார்த் போல் தபால் முத்திரை. எடை சில கிராம், கூலி ஒரு தபால்தலை.